செல்லப்பிராணி கேள்வி பதில்: ரிப்போர்ட் எல்லாம் நார்மல், ஆனா நாய் விழுதே!

இந்த மாசம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே ரகம். நடுங்குது, விழுது, தலை சாயுது, சுத்திச் சுத்தி வருது, டெஸ்ட் எடுத்தா ஒண்ணும் தெரியல. அதனால மொத்தப் பக்கத்தையும் அதுக்கே விட்டாச்சு. இதைப் படிச்சுட்டு வீட்லயே மருந்தை ஏத்தி இறக்கிடாதீங்க, உங்க நாயைத் தொட்டுப் பாக்கற டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்ங்கறதுக்குத்தான் இது.

கேள்வி: டாக்டர், எங்க வீட்ல ரெண்டு வயசு லேப்ரடார், ஆம்பளை, 30 கிலோ. பேரு ப்ரூனோ. போன வருஷத்துல இருந்து ஒரு பிரச்சனை. பந்து தூக்கிப் போட்டு விளையாடிட்டே இருப்பான், ஒரு பத்து நிமிஷம் ஆகும், திடீர்னு பின்னங்கால் ரெண்டும் குடிச்சவன் மாதிரி தள்ளாடும், அப்புறம் காலை இழுத்துக்கிட்டே வருவான், சில சமயம் அப்படியே உக்காந்துடுவான். கூப்பிட்டா திரும்பிப் பாக்கறான், வாலைக்கூட ஆட்டறான். அரை மணி நேரத்துக்குள்ள எந்திரிச்சு, ஒண்ணுமே நடக்காத மாதிரி சாப்பாட்டுத் தட்டைத் தேடறான். ரத்தம், யூரின், உண்ணிக் காய்ச்சல் டெஸ்ட் எல்லாம் நார்மல். எக்ஸ்ரேல இடுப்பும் நல்லாருக்காம். ஃபிட்ஸ்னு சொல்லி பெனோபார்பிட்டோன் 30 மில்லிகிராம் ராத்திரிக்கு ஒண்ணு கொடுத்தாங்க, மூணு மாசமாச்சு, வித்தியாசம் இல்ல. இப்போ எம்ஆர்ஐ எடுக்கச் சொல்றாங்க. செலவும் பயமுறுத்துது, மயக்க மருந்தும் பயமுறுத்துது. எடுத்துடலாமா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: எம்ஆர்ஐயைக் கொஞ்சம் தள்ளி வைங்கம்மா. உங்க கடிதத்துல எல்லா ரிப்போர்ட்டையும் விட உபயோகமான வரி எதுன்னா, "வாலைக்கூட ஆட்டறான்"ங்கறதுதான். உடம்பு முழுக்க வர்ற ஃபிட்ஸ்ல நாய்க்கு நினைவு இருக்காது. கூப்பிட்டா கேக்காது, கண்ணு எங்கயோ நிக்கும், உடம்பு வெறைச்சு காலை அடிக்கும், எச்சில் ஒழுகும், பல சமயம் யூரின் போயிடும், பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுடும். முடிஞ்சப்புறமும் சரியாகாது, சுவத்துல முட்டும், ஆளைத் தெரியாம முழிக்கும், பசி பசின்னு அலையும், சிலதுக்கு கொஞ்ச நேரம் கண்ணே தெரியாது. இன்னொண்ணு, ஃபிட்ஸ் அதிகமா வர்றது தூங்கும்போதோ சும்மா படுத்திருக்கும்போதோதான். ஓடி ஆடிட்டு இருக்கற நேரத்துல மட்டுமே, அதுவும் நல்லா நினைவோட, பின்னங்கால் மட்டும் தொய்யுதுன்னா ஃபிட்ஸ்ங்கற பேரையே முதல்ல சந்தேகப்படணும்.

மாத்திரை கேக்கலைங்கறதை மட்டும் சாட்சியா எடுத்துக்காதீங்க. நாய்க்கு பெனோபார்பிட்டோன் ஆரம்பிக்கறதே கிலோவுக்கு 2.5ல இருந்து 3 மில்லிகிராம், அதுவும் தினம் ரெண்டு வேளை. 30 கிலோ நாய்க்கு ராத்திரி மட்டும் 30 மில்லிகிராம்னா நெஜமாவே ஃபிட்ஸா இருந்தாலும் நின்னிருக்காது. அதனால அந்த மூணு மாசத்தை வச்சு இப்படியும் சொல்ல முடியாது அப்படியும் சொல்ல முடியாது. ஆனா இதைப் படிச்சுட்டு இன்னிக்கு ராத்திரியே நிறுத்திடாதீங்க, திடீர்னு நிறுத்தினா அதுனாலயே ஃபிட்ஸ் வரலாம், டாக்டர் கணக்குப் போட்டு கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும்.

என் முதல் சந்தேகம், லேப்ரடார் இனத்துலயே ஓடற ஒரு பரம்பரைக் கோளாறு. எக்சர்சைஸ் இன்ட்யூஸ்டு கொலாப்ஸ்னு பேரு, சுருக்கமா ஈஐசி. அஞ்சுல இருந்து பதினஞ்சு நிமிஷம் வெறித்தனமா ஓடினதும் பின்னங்கால் தொய்ஞ்சு விழும், பெரும்பாலும் நினைவு இருக்கும், வலி இருக்காது, அரை மணி நேரத்துக்குள்ள எந்திரிச்சுடும். ஏழு மாசத்துல இருந்து ரெண்டு வயசுக்குள்ள முதல் தடவை தெரியறதுதான் வழக்கம். உங்க ப்ரூனோ எல்லாத்துலயும் பொருந்தறான். 2008ல அமெரிக்காவுல மினசோட்டா பல்கலைக்கழகக் குழு இதுக்கான ஜீனைக் கண்டுபிடிச்சாங்க, டைனமின் 1னு ஒரு புரதத்தோட ஜீன். நரம்போட முனையில சேதி கடத்தற ரசாயனம் சின்னச் சின்னப் பைகள்ல இருக்கும், ஒரு தடவை கொட்டினதும் அந்தப் பையைத் திரும்ப உள்ள இழுத்து அடுத்த தடவைக்குத் தயார் பண்றதுதான் இந்தப் புரதத்தோட வேலை. இந்த நாய்கள்ல அந்த ஜீன்ல கோளாறு, சும்மா நடக்கும்போது சமாளிச்சுடும். நரம்பு நிக்காம வேகமா வேலை செய்யற நேரத்துல, அதுவும் உடம்பு சூடேறிக் கிடக்கும்போது ஈடு கொடுக்க முடியாது, கால் தொய்ஞ்சுடும். அதனாலதான் எம்ஆர்ஐ எடுத்தா மூளையும் தண்டுவடமும் பளிச்னு நார்மலா இருக்கும், ரத்த டெஸ்ட்டும் நார்மல்னு வரும். கன்னத்து உள்பக்கம் பஞ்சுக் குச்சியால தேய்ச்சு எடுத்த சாம்பிளோ கொஞ்சம் ரத்தமோ இருந்தா போதும், ஜீன் டெஸ்ட்ல தெரிஞ்சுடும். அப்பா அம்மா ரெண்டு பக்கத்துல இருந்தும் அந்தக் கோளாறான ஜீன் வந்திருந்தாத்தான் நோய், ஒரு பக்கம் மட்டும்னா நாய் நல்லா இருக்கும் ஆனா குட்டிங்களுக்குக் கடத்தும். ப்ரூனோவை இணை சேர்க்கறதா யோசனை இருந்தா ரிசல்ட் வர்ற வரைக்கும் வேண்டாம்.

சந்தேகம் சந்தேகம்தான், அதனால மத்ததையும் தள்ளிட்டு வரணும். ஓடும்போது விழற நாய்ல மூளைக்கு முன்னாடி பாக்க வேண்டியது இதயம். ஈசிஜியும் எக்கோவும் எடுத்துடுங்க, இதுக்கு மயக்க மருந்து வேண்டாம். இதயத்துல இருந்து வர்ற மயக்கம் சட்டுனு விழ வைக்கும், உடம்பு துணி மாதிரி துவண்டுடும், ஈறு வெளுத்திருக்கும், சில நொடியில எந்திரிச்சுடும். சர்க்கரை இறங்கினாலும் நாய் தள்ளாடும், ஆனா அதை நிதானமா இருக்கற நேரத்துல எடுத்த ரத்தத்துல பாத்து பெருசா உபயோகம் இல்ல, விழுந்த நேரத்துல காது மடல்ல ஒரு சொட்டு எடுத்து வீட்ல இருக்கற குளுக்கோமீட்டர்ல பாத்தாலே ஒரு ஐடியா கிடைக்கும், 60க்குக் கீழன்னா உடனே டாக்டர்கிட்ட. மயஸ்தீனியா க்ராவிஸ்னு நரம்பும் தசையும் சேர்ற இடத்துல வர்ற நோய் ஒண்ணு இருக்கு, அதுல மெதுவா நடந்தாலே சோர்ந்துடும், சாப்பிட்டதை செரிக்காம அப்படியே வாய் வழியா வெளிய தள்ளும், அதுக்குத் தனி ரத்த டெஸ்ட்.

அடுத்த தடவை நடக்கும்போது வீட்ல ஒருத்தர் போனை எடுத்து வீடியோ பிடிக்கட்டும். ஆனா இதுக்காக ப்ரூனோவை வேணும்னே ஓட வச்சு விழ வைக்காதீங்க! எல்லாரும் தூரத்துல நின்னு முழு உடம்பையும் எடுத்துட்டு வர்றாங்க, எனக்கு முதல்ல வேணும்ங்கறது முகம். பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க, அது கேக்குதான்னு வீடியோல தெரியணும். அப்புறம் கண்ணு, அசையுதா, எந்தப் பக்கம் ஓடுது. உதட்டைத் தூக்கி ஈறு கலரைக் காட்டுங்க (வெறைச்சு வெட்டறப்ப மட்டும் வாய்கிட்ட கை வேண்டாம்). அப்புறமா தூர நின்னு கால் எப்படி இருக்குன்னு எடுங்க, துவண்டு கிடக்கா வெறைச்சு நிக்குதா. எந்திரிச்சதும் நிறுத்திடாதீங்க, அதுக்கப்புறம் ரெண்டு நிமிஷம் எப்படி நடக்குதுங்கறதுலதான் பாதி பதில் இருக்கும். கிளினிக்ல வந்து நிக்கும்போது எல்லா நாயும் நல்லபிள்ளையாத்தான் நிக்கும், அதனால அந்த வீடியோதான் எங்களுக்குப் பரிசோதனை மாதிரி. டெம்பரேச்சர் எடுத்தா நல்லதுதான், 107 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேலகூடக் காட்டும், ஆனா அந்த நம்பரைப் பாத்து முடிவு கட்ட முடியாது, ஏன்னா நல்லா இருக்கற லேப்ரடாரும் அதே அளவு ஓடினா கிட்டத்தட்ட அவ்வளவு சூடேறும். வெயில்ல சூடு தாக்கி விழற நாய்க்கு நினைவு தடுமாறும், அவ்வளவு சீக்கிரம் எந்திரிக்காது, அது வேற.

இது ஈஐசின்னு உறுதியாச்சுன்னா குணப்படுத்தற மருந்து கிடையாது, தேவையும் பெருசா இல்ல. பந்து விளையாட்டை விட்டுட்டு கயித்துல கட்டி நடைக்குக் கூட்டிட்டுப் போங்க. பின்னங்கால் லேசா அகண்டு ஆட்டம் காட்டற அந்த முதல் நொடியிலயே நிறுத்திடணும், நிழலுக்குக் கொண்டுபோய் தண்ணி ஊத்தி ஆத்தணும். "இன்னும் ஒரு ரவுண்டு"ன்னு விரட்டி செத்துப்போன நாய்கள் உண்டு. இதெல்லாம் பாத்து எதுவுமே பொருந்தலைன்னா அப்போ எம்ஆர்ஐ பத்திப் பேசலாம்.

கேள்வி: எங்க நாட்டு நாய்க்கு ஃபிட்ஸ் வருது. வர்றப்ப எங்க மாமியார் இரும்புச் சாவியை காலடியில அழுத்தி வைக்கறாங்க, உடனே நின்னுடுது. நெஜமாவே வேலை செய்யுதா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: ஃபிட்ஸ் ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல தானாவே நிக்கற ஒண்ணு, சாவியைத் தேடி எடுத்துட்டு வர்றதுக்குள்ள அந்த நேரம் ஆயிடுது, அவ்வளவுதான். அத்தை மனசு நோகாம சாவி வச்சுக்கட்டும், வாய்க்குள்ள மட்டும் ஸ்பூன், கை, தண்ணி, வெங்காயம் எதுவும் போகக் கூடாது. நாய் நாக்கை முழுங்காது, உங்க விரலைக் கடிச்சுடும். மேஜை, மாடிப்படி, தொட்டி பக்கத்துல இருந்து தள்ளி விடுங்க, ஃபேனைப் போடுங்க, மணியைப் பாருங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினாலோ ஒரே நாள்ல ரெண்டு தடவைக்கு மேல வந்தாலோ எமர்ஜென்சி, ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் தூக்கிட்டு ஓடணும்.

கேள்வி: 13 வயசு பொமரேனியன். நேத்து காலைல எந்திரிக்கும்போதே தலை ஒரு பக்கமா சாஞ்சுடுச்சு, நடந்தா அந்தப் பக்கமே விழுது, கண்ணு ரெண்டும் படபடன்னு பக்கவாட்டுல ஓடுது, வாந்தி எடுத்துச்சு. பக்கவாதம், வயசும் ஆச்சு, கஷ்டப்படுத்தாம ஊசி போட்டு அனுப்பிடுங்கன்னு தெரிஞ்சவர் சொல்றார். வீட்ல எல்லாரும் அழுதுட்டு இருக்கோம். (வாசகர், சேலம்)

பதில்: அனுப்பிடாதீங்க சார்! குறைஞ்சது மூணு நாள் பாருங்க. வயசான நாய்ங்களுக்கு உள்காதுல இருக்கற பேலன்ஸ் உறுப்பு ஒரு நாள் திடீர்னு கோளாறு ஆகும், ஏன்னு காரணமே கிடைக்காது, பாக்கறதுக்கு அச்சு அசல் பக்கவாதம் மாதிரியே இருக்கும். 72 மணி நேரத்துல இறங்க ஆரம்பிச்சு, ரெண்டு மூணு வாரத்துல பெரும்பாலும் சரியாயிடும், சிலதுக்கு தலை மட்டும் லேசா சாஞ்சே நின்னுடும், அது பாட்டுக்கு சாப்பிட்டுட்டு இருக்கும்.

மூளைல இருந்து வருதா காதுல இருந்து வருதான்னு ஓரளவு வீட்லயே பாக்கலாம். யாராவது நாயை இடுப்புல பிடிச்சு நிக்க வைங்க, பாதத்தை மெல்ல மடக்கி மேல்பக்கம் தரையைத் தொடற மாதிரி வைங்க. பிரச்சனை காதோட நின்னிருந்தா டக்குனு திருப்பி சரியா வச்சுக்கும். அப்படியே மடங்கின மாதிரி விட்டுட்டு நின்னா, இல்ல கண்ணு மேலயும் கீழயும் ஓடினா, இல்ல கூப்பிட்டா மந்தமா இருந்தா மூளைப் பக்கம் பாக்கணும். எதுவா இருந்தாலும் நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டி காதுக்குள்ள சீழ் இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க, ரத்த அழுத்தமும் பாக்கச் சொல்லுங்க. சமீபத்துல பேதிக்கு மெட்ரோனிடசோல் நாள்கணக்கா கொடுத்தீங்களா? டோஸ் அதிகமானா அதுவே இப்படித் தலையைச் சாய வைக்கும், நிறுத்தினா சரியாகும். அதுவரைக்கும் தரைல சாக்கு விரிச்சு வைங்க வழுக்காம இருக்க, தண்ணியை வாய்கிட்ட கொண்டுபோய்க் காட்டுங்க.

கேள்வி: மூணு வயசு பக், பொட்டை. ஒரு மாசமா ஒரே பக்கமா வட்டம் அடிக்கறா, சுவத்துல தலையை வச்சு அழுத்திக்கிட்டு நிக்கறா, போன வாரம் ரெண்டு ஃபிட்ஸ். ரத்தத்துல எதுவும் இல்ல. எம்ஆர்ஐ வீண் செலவுன்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க. (வாசகர், சென்னை)

பதில்: மேல கோயம்புத்தூர் அம்மாவுக்கு வேண்டாம்னேன், உங்களுக்கு வேணும்ங்கறேன். ஒரே பக்கம் வட்டமும் சுவத்துல தலை முட்டறதும் முன்மூளைல என்னமோ இருக்குங்கறதுக்கு அடையாளம், நடுவுல நாய் நார்மலாகவும் இல்ல. காரணம் தெரியாத சாதாரண வலிப்பு நோய்னா ரெண்டு ஃபிட்ஸுக்கு நடுவுல நாய் சுத்தமா நார்மலா இருக்கணும், முதல் ஃபிட்ஸ் ஆறு மாசத்துல இருந்து ஆறு வயசுக்குள்ள வந்திருக்கணும், 2015ல சர்வதேச கால்நடை வலிப்பு நோய்க் குழு போட்ட கணக்கும் அதுதான். உங்க பக் அதுக்குள்ள வரல.

பக் இனத்துல அதிகமா வர்ற ஒரு மூளை அழற்சி இருக்கு. உடம்போட எதிர்ப்பு சக்தியே மூளையைத் தாக்கும், பொதுவா இளம் வயசுல வரும், வேகமாவும் முத்தும். எம்ஆர்ஐயும், அதே மயக்கத்துலயே எடுக்கற தண்டுவட நீரும் சேர்ந்தாத்தான் கிட்டத்தட்ட சொல்ல முடியும், நூத்துக்கு நூறு உறுதி திசுவைப் பாத்தாத்தான். ஸ்டீராய்டு, கூடவே எதிர்ப்பு சக்தியை அடக்கற மருந்துன்னு கொடுப்பாங்க, சில நாய்க்கு நல்ல காலம் கிடைக்கும், சிலதுக்கு இல்ல, அதை மறைச்சு சொல்றதுல அர்த்தம் இல்ல. ஆனா ஸ்கேனுக்கு முன்னாடியே யாராவது ஸ்டீராய்டு ஆரம்பிச்சுட்டா தண்டுவட நீர் ரிப்போர்ட் குழம்பிடும், டிஸ்டெம்பர்ங்கற வைரஸ் நோயோ உண்ணி மூலமா வர்ற எர்லிக்கியாவோ ஒளிஞ்சிருந்தா மோசமாவும் ஆகும். அதனால வரிசை முக்கியம். எங்க போகணும்னு தெரியலைன்னா வேப்பேரி மெட்ராஸ் வெட்னரி காலேஜ் ஆஸ்பத்திரில முதல்ல காட்டி வழி கேளுங்க.

கேள்வி: ரோட்ல இருந்து எடுத்த அஞ்சு மாசக் குட்டி. சளி, பேதி வந்து நல்லாயிடுச்சு. இப்போ கீழ்த்தாடையும் ஒரு முன்னங்காலும் டிக் டிக்னு துடிச்சுக்கிட்டே இருக்கு, தூங்கும்போதும் நிக்கல. (வாசகர், மதுரை)

பதில்: தூக்கத்துலயும் நிக்காத அந்தத் துடிப்பு ஒண்ணே போதும் தம்பி, பெரும்பாலும் டிஸ்டெம்பர்தான். சளி பேதி எல்லாம் சரியாகி வாரக்கணக்குல கழிச்சு நரம்புல வந்து உக்காரும். பாதத்து அடியைத் தடவிப் பாருங்க, தடிச்சு சொரசொரன்னு இருக்கா? புதுசா முளைச்ச பல்லுல எனாமல் அரிச்சு பழுப்பா குழி குழியா இருந்தாலும் அதோட தழும்புதான். பிசிஆர் டெஸ்ட்ல உறுதி பண்ணலாம், ஆனா இந்தக் கட்டத்துல மூக்கு, ரத்த சாம்பிள்ல வைரஸ் சிக்காமலும் போகும். வைரஸைக் கொல்ற மருந்து கிடையாது. துடிப்போடவே சாப்பிட்டு நடந்து வருஷக்கணக்கா வாழற நாய்கள் இருக்கு, அதனால அவசரப்பட வேண்டாம். ஃபிட்ஸ் வந்து நாளுக்கு நாள் அதிகமாகுதுன்னாத்தான் கஷ்டமான பேச்சு. உங்களுக்கு ஒட்டாது, தெருவுல மத்த குட்டிங்களுக்கு ஒட்டும். ஆறு எட்டு வாரத்துல ஆரம்பிச்சு பதினாறு வாரம் வரைக்கும் மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவை தடுப்பூசி போட்டிருந்தா பெரும்பாலும் இது வந்தே இருக்காது.

கேள்வி: நாலு வயசு நாய், ரெண்டு நாளா வாய் மூடவே இல்ல, தாடை தொங்குது, எச்சில் ஒழுகுது, குரல் மாறிப்போச்சு, தண்ணி குடிக்கப் பாக்குது முடியல. எலும்பு மாட்டியிருக்கும்னு நானும் அண்ணனும் கையை விட்டுப் பாத்தோம், ஒண்ணும் இல்ல. தடுப்பூசி போட்ட ஞாபகம் இல்ல. (வாசகர், விழுப்புரம்)

பதில்: இந்தக் கடிதத்துக்கு பத்திரிகை வர்ற வரைக்கும் காத்திருக்காம போன்லயே சொல்லியாச்சு, மத்தவங்களுக்காக இங்கயும். எலும்பு மாட்டினாலும் இப்படி இருக்கலாம், தாடை நரம்பு அழற்சில கூட வாய் தொங்கும். ஆனா நம்ம ஊர்ல வாய் தொங்கி, எச்சில் ஒழுகி, குரல் மாறினா வெறிநோய் இல்லன்னு ஆகற வரைக்கும் வெறிநோய்தான். ஓடி ஓடிக் கடிக்கற நாயை மட்டும்தான் ஜனங்க வெறிநாய்ங்கறாங்க, மூலைல போய் முடங்கி வாயைப் பொளந்துட்டு கிடக்கற ரகமும் இருக்கு, அதுக்குத்தான் பாவம்னு எல்லாரும் கையை விடறாங்க. நாயைத் தொடாம தனியா அடைச்சு வச்சுட்டு டாக்டருக்குச் சொல்லுங்க. கைல எச்சில் பட்ட எல்லாரும் சோப்பு போட்டு ஓடற தண்ணில பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு அன்னிக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க, ஊசி இலவசம்தான். கீறல் இல்லையேன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, தேவையா இல்லையான்னு அங்க சொல்லட்டும். நோய் வந்த நாய் பத்து நாளைத் தாண்டறது அரிது, செத்தப்புறம் மூளைத் திசுவைப் பாத்துத்தான் உறுதி பண்ண முடியும், அதனால சத்தமில்லாம புதைச்சுடாம டாக்டர் மூலமா சாம்பிள் எடுக்க ஏற்பாடு பண்ணுங்க.

கேள்வி: வெள்ளை ராஜபாளையம் குட்டி, மூணு மாசம். கூப்பிட்டா திரும்பறதே இல்ல, தூங்கினா தட்டி எழுப்பினாத்தான் எந்திரிக்குது. மூளை வளர்ச்சி இல்லையோ? (வாசகர், விருதுநகர்)

பதில்: மூளை நல்லாத்தான் இருக்கும், காது கேக்கலையான்னு பாருங்க. வெள்ளை நிறத்தோட சேர்ந்தே பிறவிச் செவிடு வர்ற இனங்கள்ல நம்ம ராஜபாளையமும் ஒண்ணு. குட்டி தூங்கும்போது, காத்தோ தரை அதிர்வோ படாத மாதிரி கொஞ்சம் தள்ளி நின்னு சாவிக்கொத்தைக் குலுக்குங்க, காது மடல் கூட அசையலைன்னா சந்தேகம் சரி. கைசாடை காட்டியே நல்லாப் பழக்கலாம், ரோட்ல மட்டும் அவிழ்த்து விடாதீங்க.